ஏழெட்டு ஏன் தடுமாற வைக்கிறது?

ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டதும் தடுமாறுகிற குழந்தை பெரும்பாலும் 54 என்றோ 48 என்றோ 63 என்றோ சொல்லும். 56-ஐ ஒட்டியே நிற்கும் 55-ஐச் சொல்வது அரிது. பெரியவர்களை அவசரப்படுத்திக் கேட்டாலும் இதே மாதிரிதான் தவறுகிறார்கள் என்று உளவியல் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

காரணம் அருமையானது. 48 என்பது ஆறெட்டு, 63 என்பது ஏழொன்பது, 54 என்பது ஆறொன்பது. மூன்றும் வாய்ப்பாட்டில் இருக்கும் எண்கள். 55-க்குப் பத்து வரையிலான வாய்ப்பாட்டில் இடமே இல்லை. பேரனைக் கூப்பிட நினைத்த பாட்டி மற்ற பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிவிட்டுக் கடைசியில் சரியான பெயருக்கு வருவாரே, அதே கதைதான். ஒன்றுபோல் இருப்பவற்றை நினைவு சேர்த்தே இழுத்து வருகிறது. ஆகவே 54 என்று சொன்ன குழந்தை படிக்காத குழந்தை அல்ல. படித்தவை அதன் மனத்தில் மோதிக்கொள்கின்றன. திட்டுவதற்கு இதில் எதுவும் இல்லை.

படிக்க வேண்டியதும் நாம் அஞ்சுகிற அளவு இல்லை. பத்துக்குப் பத்து என்றால் 100 கட்டங்கள். மூவேழும் ஏழுமூன்றும் ஒன்றே என்பதால் 55 போதும். ஒன்பது வரை மட்டுமே போகும் சீனாவின் மரபு வாய்ப்பாடு இப்படிப் பாதியை விட்டுவிட்டு 45 வரிகளில் முடிகிறது. நம் 55-இல் ஒன்றையும் பத்தையும் கழித்தால் 36 மிஞ்சும். இரண்டும் ஐந்தும் தானாக வந்துவிடும், மீதி 21. ஒன்பதின் விடைகளில் இலக்கங்களைக் கூட்டினால் 9 வரும் என்று காட்டிவிட்டால், உண்மையில் உழைக்க வேண்டியவை 15 மட்டுமே.

வாய்ப்பாட்டை ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று வரிசையாக ஒப்பிப்பது நல்ல தொடக்கம். ஆனால் அதோடு நின்றால், ஒவ்வொரு கேள்விக்கும் குழந்தை முதல் வரியிலிருந்தே ஏறி வரும். வரிசையைக் கலைத்துக் கேட்க வேண்டும். விடை வராதபோது சொல்லிக் கொடுப்பதைவிட வழி காட்டுவது மேல்: ஐயெட்டு 40, ஈரெட்டு 16, கூட்டினால் ஏழெட்டு.

ஒரே நாளில் திணிப்பதைவிட பல நாட்களில் பிரித்துப் படிப்பது நிலைக்கும் என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். எனவே பெற்றோர்களே, தினம் ஐந்து நிமிடம் போதும். அவசரம் தடுமாற வைக்கும் என்பதால், கடிகாரத்தை மட்டும் அப்பால் எடுத்து வைத்துவிடுங்கள்.