இருதய சிகிச்சையில் நுரையீரலைக் காத்தல்

நெஞ்சைத் திறந்து இருதயத்தைச் செப்பனிடுகையில், இரத்தத்தை ஓட்டி அதற்குப் பிராணவாயு ஊட்டும் வேலையைப் பெரும்பாலும் ஓர் இயந்திரம் ஏற்கிறது. 1953-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் டாக்டர் கிப்பன் இதனை முதன்முதலில் வெற்றியுடன் கையாண்டார். அவ்வேளையில் சுருங்கிக் கிடக்கும் நுரையீரலை, இயந்திரத்தை நீக்குமுன் மருத்துவர் மெல்லக் காற்றூட்டி விரிக்கின்றனர். அதன்பின் காப்பு பெரிதும் நோயாளியின் கையிலேயே உள்ளது. நெஞ்செலும்பு வலிக்குமென்றஞ்சி இருமாதிருந்தால் சளி தேங்கும். நிமோனியா காய்ச்சலும் காணலாம். நம் இல்லத்தாரோ பரிவு மிகுதியால், "அசையாதே, இருமாதே" என்று தடுக்கிறோம். இது தீங்கென்றே நாம் கூறுவோம். எலும்பைக் கம்பியால் பிணைத்திருக்கிறார்கள். தலையணையை மார்போடணைத்துத் தயங்காது இருமலாம். விழித்திருக்கையில் மணிக்குப் 10 முறையேனும் ஆழ மூச்சிழுப்பதும், மருத்துவர் இசைந்தவுடன் எழுந்து நடப்பதும் நன்று. பீடியையோ சிகிச்சைக்கு 4 வாரம் முன்னதாகவேனும் விட்டொழித்தல் வேண்டும்.