யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? பபூன் மேடை முதல் ‘மாமன்னன்’ வரை

புதுக்கோட்டை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இசை நாடகம் இன்றும் நடைபெறுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த மரபு அது. ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நீளும். ராஜாவும் கடவுளரும் மேடையேறுமுன் ஆர்மோனிய ஒலியோடு வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர் பபூன். ஏனையோர் இலக்கண வசனம் பேச, அவர் மட்டும் ஊர்ப்பேச்சில் ஊர்ச்சங்கதிகளைப் பேசுவார். தமிழ்த் திரைப்பட நகைச்சுவை இம்மேடையிலிருந்து வளர்ந்ததுதான்.

திரை நகைச்சுவையின் மாற்றத்தைப் பேசுவோர் பாட்டு, சொற்சிலம்பம், உடல்மொழி, இரட்டையர் மோதல் என்று வடிவங்களையே வரிசைப்படுத்துகின்றனர். சிரிப்பு யார் மீது விழுகிறது என்ற கேள்வியை நாம் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

நாடகக் கம்பெனியில் பயின்று திரைக்கு வந்த என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரத்துடன் இணைந்து நகைச்சுவையைத் தனிப் பகுதியாக வளர்த்தார். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம் இன்றும் நினைக்கத்தக்கது. நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் ஒருவன் கல்வி தேடிச் செல்வதாக அதை அவர் மாற்றினார். அங்கே சிரிப்பு விழுந்தது சிறுவன் மீதன்று. அவனைத் தடுத்த வழக்கத்தின் மீது. எனினும் ஒடுக்கப்பட்டோருக்காகப் பிறர் பேசிய நகைச்சுவை அது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1960களில் நாகேஷின் வேகம் திரையை ஆண்டது. ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’ (1964), ‘எதிர்நீச்சல்’ (1968) ஆகியவை நகரத்து நடுத்தர வாழ்வின் நகைச்சுவைகள். மாடிப்படிக்கடியில் தங்கி எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்யும் மாதுவின் வறுமை நம் கண்ணில் படுகிறது. சாதி என்னும் சொல் கதையின் மையத்துக்கு வரவில்லை.

1980, 90களின் கிராமியப் படங்களில் சாதி முழு உருவத்தோடு வந்து சேர்ந்தது. நாயகர் ஊர்ப் பெரியவர். நகைச்சுவை நடிகர்களுக்கோ சலவை, சவரம், சுடுகாட்டு வேலை, பண்ணை வேலை போன்றவையே மீண்டும் மீண்டும் வாய்த்தன. கவுண்டமணி–செந்தில் இணையின் பகடி பலமுறை பெரிய மனிதத்தனத்தைக் குத்திக் கிழித்தது உண்மையே. ஆனால் அதன் அன்றாட இயக்கம் வேறு: ஒருவர் உதைப்பார், மற்றவர் உதைபடுவார், நிறமும் முகமும் உடலும் வசையாகும். உதைப்பவரின் பக்கம் நின்று நாம் சிரித்தோம். அடித்தட்டு மனிதர் இருவர் தமக்குள் மோதிக்கொண்டிருக்க, நாயகரின் சாதிப் பெருமை எந்தக் கேலிக்கும் ஆளாகாமல் மேலே நின்றது.

இது திரையரங்கோடு முடிவதில்லை. படத்தில் கேட்ட வசை பள்ளியிலும் தேநீர்க் கடையிலும் திரும்பச் சொல்லப்படுகிறது. எதிர்த்துக் கேட்டால், ‘காமெடிக்குத்தானே’ என்ற பதில் வருகிறது. ‘சண்டாளன்’ என்பது பட்டியலில் இடம்பெற்ற ஒரு சாதியின் பெயர். திரைப்பட நகைச்சுவையிலும் பாடல்களிலும் அரசியல் மேடைகளிலும் அச்சொல்லை இழிவாகப் பயன்படுத்தக் கூடாது என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் 2024 ஜூலையில் பரிந்துரைத்தது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் இறையூரில் 2022 டிசம்பரில்தான் தலித் மக்கள் ஆட்சியர் முன்னிலையில் அய்யனார் கோயிலுக்குள் செல்ல முடிந்தது. அங்கே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் அப்போதே வெளிவந்தது. கோயில் வாசலும் தேநீர்க் குவளையும் சாதி பார்க்கும் ஊரில், திரைச் சிரிப்பு மட்டும் சாதி பாராதது என்று எப்படிச் சொல்ல முடியும்?

திசைமாற்றம் அண்மையில் தெரிகிறது. ‘தேவர் மகன்’ (1992) படத்தில் வடிவேலு ஏற்ற இசக்கி, பெரிய வீட்டு மோதலில் தன் கையை இழக்கும் விசுவாசி. பின்னர் பல ஆண்டுகள் அடிவாங்கும் உடலாகவே அவர் நம்மைச் சிரிக்க வைத்தார். 2023இல் மாரி செல்வராஜ் இயக்கிய ‘மாமன்னன்’ படத்தில் அவர் தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர். ஆதிக்கச் சாதித் தலைவர் வீட்டில் நாற்காலியில் அமர மறுக்கப்பட்டவர், இறுதியில் சட்டப்பேரவைத் தலைவரின் இருக்கையில் அமர்கிறார். மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021) படத்தில் யோகி பாபு சவரத் தொழிலாளி. பழைய படங்களில் கேலிக்கு மட்டுமே பயன்பட்ட பாத்திரம் அது. இங்கே அவர் கையிலுள்ள ஒற்றை வாக்குக்காக இரு சாதிப் பிரிவுகளும் அலைகின்றன. ஊர் சிரிப்புக்குரியதாகிறது, அவர் மனிதராகிறார்.

நடிகர்கள் அவர்களே. அவர்களுக்கு எழுதுவோரின் பார்வைதான் மாறியிருக்கிறது. சிரிப்பைத் தடை செய்ய வேண்டும் என்று நாம் கோரவில்லை. எழுதும் மேசையிலும் இயக்குநர் நாற்காலியிலும் ஒடுக்கப்பட்டோருக்கு இடம் வேண்டும் என்கிறோம். அதுவரை, ஒவ்வொரு நகைச்சுவைக் காட்சியிலும் உதைப்பவர் யார், உதைபடுபவர் யார் என்று பார்ப்போம். அதற்குப் பின் சிரிப்பு வருமானால் சிரிப்போம்.