பசுமைக் கட்டடமும் அளவீடும்: ஓபர்லின் கல்லூரியின் ஆடம் ஜோசப் லூயிஸ் மையம்

முன்னுரை

கல்வி வளாகங்களில் எழுப்பப்பெறும் பசுமைக் கட்டடங்கள் பெரும்பாலும் அவற்றில் இடம்பெறும் கூறுகளின் பட்டியலைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. அக்கூறுகள் எண்ணியவாறு பயன்தந்தனவா என்னும் வினா அரிதாகவே எழுகிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஆடம் ஜோசப் லூயிஸ் மையத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவமைப்புக் கூறுகள்

சுற்றுச்சூழல் கல்விப் பேராசிரியர் டேவிட் ஆர் முன்னின்று முயல, கட்டடக்கலைஞர் வில்லியம் மெக்டொனா குழுவினர் இம்மையத்தை வடிவமைத்தனர். குளிர்காலத்தில் தென்வானில் தாழ்ந்து செல்லும் ஞாயிற்றின் ஒளி, தெற்கு நோக்கிய கண்ணாடிப் பரப்பின் வழியே உட்புகுகிறது. கான்கிரீட் தளம் அவ்வெப்பத்தைத் தேக்கி மெல்ல வெளிவிடுகிறது. ஆழ்துளைகளில் இறக்கப்பெற்ற மூடிய குழாய்களின் துணையால், வெப்பப் பம்புகள் குளிர்காலத்தில் நிலத்தினின்று வெப்பத்தை ஈர்க்கின்றன. கோடையில் அதனை நிலத்துள் செலுத்துகின்றன. நிலத்தடி வெப்பநிலை ஆண்டு முழுதும் ஏறத்தாழ மாறாதிருப்பதே இதற்கு அடிப்படை. நுண்ணுயிர்களும் செடிகளும் வளரும் தொட்டிகளின் வழியே கழிவுநீர் தூய்மையடைந்து கழிப்பறைப் பயன்பாட்டிற்கே மீள்கிறது. கூரையில் 60 கிலோவாட் திறனுடைய சூரிய மின்தகடுகள் பொருத்தப்பெற்றன.

அளவீடு உணர்த்துவன

பயன்படுத்துவதினும் மிகுதியான ஆற்றலை உருவாக்குதல் இக்கட்டடத்தின் குறிக்கோள். ஆயினும், தொடக்க ஆண்டுகளில் நுகர்வே விஞ்சி நின்றது. அக்கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்டு மின்பயன்பாட்டுத் தரவுகளைக் கொண்டு இதனைச் சுட்டிக்காட்டினார். மின் கொதிகலன் மிகுதியான மின்சாரத்தை ஈர்த்தமை அளவீட்டால் புலப்பட்டது, திருத்தங்கள் மேற்கொள்ளப்பெற்றன. 2006இல் வாகன நிறுத்துமிடத்தின்மீது 100 கிலோவாட் தகடுகள் சேர்க்கப்பெற்ற பின்னரே உற்பத்தி நுகர்வை விஞ்சியது.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நுகர்வைக் குறைத்தல் கட்டடத்தின் தன்மையைச் சார்ந்தது. தகடுகளைக் கூட்டுதல் இடத்தையும் பொருளையும் சார்ந்தது. நிகர ஆற்றல் கணக்கு இவ்விரண்டையும் ஒரே எண்ணுள் அடக்கிவிடுகிறது. எனவே உற்பத்தி, நுகர்வு ஆகியவற்றைத் தனித்தனியே வெளியிடுதல் இன்றியமையாதது.

முடிவுரை

தெற்கு நோக்கிய கண்ணாடிப் பரப்பு குளிர்நாட்டிற்கு உரிய தீர்வாகும். வெப்பநாட்டில் அதுவே சுமையாகும். ஆகவே இம்மையத்தின் வடிவமைப்புக் கூறுகளை அவ்வாறே பின்பற்றுதல் பொருந்தாது. பின்பற்றத்தக்கது அதன் அளவீட்டு முறையும், தம் வளாகக் கட்டடத்தையே ஆய்வுக்குட்படுத்தி, அம்முடிவுகளை மறுப்புக்கும் திருத்தத்திற்கும் திறந்துவைத்த கல்விமரபுமே ஆகும்.