வீட்டு எண் புதிர்

வீட்டு எண் புதிர் என்பது 1914 டிசம்பரில் இலண்டனிலிருந்து வெளிவந்த ஸ்ட்ராண்ட் இதழில் இடம்பெற்ற ஓர் எண் புதிர் ஆகும். இதனை ஆக்கியவர் ஆங்கிலேயப் புதிர் வல்லுநரான ஹென்றி டியூடனி. சீனிவாச இராமானுஜன் இதனைத் தீர்த்த விதத்தினாலேயே இப்புதிர் பரவலாக அறியப்படுகிறது.

புதிர்

பெல்ஜியத்தின் லூவேன் நகரில் ஒரு நீண்ட தெரு. அதன் ஒரு பக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண்கள் இடப்பட்டுள்ளன. அப்பக்கத்தில் வசிக்கும் ஒருவர், தம் வீட்டிற்கு ஒருபுறமுள்ள எண்களின் கூட்டுத்தொகை மறுபுறமுள்ள எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் எனக் காண்கிறார். அப்பக்கத்தில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் உள்ளன எனில், அவருடைய வீட்டு எண் யாது?

விடை

வீட்டு எண் 204. மொத்த வீடுகள் 288. 1 முதல் 203 வரை கூட்டினால் 20706 வரும். 205 முதல் 288 வரை கூட்டினாலும் அதே 20706 வரும்.

50, 500 என்னும் வரம்புகள் இல்லாவிடில் வேறு விடைகளும் உண்டு. எடுத்துக்காட்டாக, 8 வீடுகள் உள்ள தெருவில் 6-ஆம் எண் வீடு பொருந்தும்: 1+2+3+4+5 = 15, 7+8 = 15.

இராமானுஜனின் தீர்வு

அப்பொழுது கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் (பின்னர் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர்), எண்களை இட்டுப் பார்த்தே சில நிமிடங்களில் விடையைக் கண்டார். அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜனிடம் புதிரைப் படித்துக் காட்டினார். இராமானுஜன் ஒரு தொடரும் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். டியூடனி கேட்ட விடை மட்டுமன்றி, தெரு எவ்வளவு நீண்டாலும் கிடைக்கக்கூடிய விடைகள் யாவும் அதில் அடங்கியிருந்தன. இந்நிகழ்ச்சியை விரைவாகக் கணக்கிடும் திறனுக்குச் சான்றாகக் கூறுவது பொருந்தாது. விரைவில் மகாலனோபிசும் குறைந்தவரல்லர். ஒருவர் ஒரு விடையைத் தேடினார். மற்றவர் புதிரின் பின்னுள்ள சமன்பாட்டைக் கண்டுகொண்டார்.

கணித விளக்கம்

வீட்டு எண் வ, மொத்த வீடுகள் ம என்க. வ-க்கு முன்னுள்ள எண்களின் கூட்டுத்தொகை வ(வ−1)/2. பின்னுள்ளவையும் அதே அளவு. இவ்விரண்டுடன் வ-ஐயும் கூட்டினால் தெருவின் முழுக் கூட்டுத்தொகை கிடைக்கும். அதாவது,

வ² = ம(ம+1)/2

எனவே முழுக் கூட்டுத்தொகை ஒரே வேளையில் முக்கோண எண்ணாகவும் சதுர எண்ணாகவும் இருத்தல் வேண்டும். இருபுறமும் 8-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் (2ம+1)² = 8வ²+1 ஆகும். 2ம+1 = ப, 2வ = ச எனக் கொண்டால்,

ப² − 2ச² = 1

இதன் முழு எண் தீர்வுகள் 2-இன் வர்க்கமூலத்தைத் தரும் தொடரும் பின்னத்தில் உள்ளன. அதன் அடுத்தடுத்த தோராய மதிப்புகள்: 1/1, 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408... (ப/ச-க்கு அடுத்தது (ப+2ச)/(ப+ச) ஆகும்.) இவற்றுள் ஒன்றுவிட்டு ஒன்று ப² − 2ச² = 1 என்பதை நிறைவு செய்யும்; ஏனையவற்றில் −1 வரும்.

3/2 தருவது வ = 1, ம = 1. ஒரே வீடு உள்ள தெரு, இருபுறமும் சுழி. 17/12 தருவது 6, 8. 99/70 தருவது 35, 49. இது 50-ஐ ஒன்றில் தவறவிடுவதைக் கவனிக்கலாம். 577/408 தருவது 204, 288. அடுத்த விடை 1189, 1681 ஆதலால் 500-ஐத் தாண்டிவிடுகிறது. வீட்டு எண்களை மட்டும் வேண்டுவோர், ஓர் எண்ணை 6-ஆல் பெருக்கி அதற்கு முந்தையதைக் கழித்தால் போதும்: 6×35 − 6 = 204.

சமன்பாட்டின் பழமை

இவ்வகைச் சமன்பாடு பெல்லின் சமன்பாடு எனப்படுகிறது. ஜான் பெல் இதனைத் தீர்த்தவரல்லர். ஆய்லர் தவறுதலாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. 628-இல் பிரம்மகுப்தர், ஒரு தீர்விலிருந்து மற்றொரு தீர்வைப் பெறும் விதியைத் தந்தார். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் சக்கரவாளம் என்னும் பொதுமுறையை விளக்கினார். அவர்களுக்கும் முற்பட்ட பௌதாயன சுல்ப சூத்திரம் 2-இன் வர்க்கமூலத்திற்குத் தரும் மதிப்பு 1 + 1/3 + 1/(3×4) − 1/(3×4×34). இதனைச் சுருக்கினால் 577/408 கிடைக்கும்.