'லிப்' ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது?

2021 டிசம்பரில் கணினித் துறையினர் பலரும் ஒரே கேள்விக்கு விடை தேடி அலைந்தார்கள்: நம் மென்பொருளில் லாக்4ஜே இருக்கிறதா? ஜாவா நிரல்கள் தம் செயல்பாடுகளைப் பதிந்துவைக்க உதவும் இலவச நூலகம் அது. அதிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, ஒற்றை வரி எழுத்தை அனுப்பியே அயலார் சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு, முக்கியத் துறையினரை அழைத்து அவசரமாக ஆலோசித்தது. திருத்தம் வந்துவிட்டது, அதை எங்கெங்கே பொருத்துவது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை.

காரணம் பழைய வழக்கம். 2000-இல் வெளிவந்த ஆன்ட் கருவி நிரலைத் தொகுக்கும்; நூலகங்களைத் தானாகத் தேடித் தராது. யாரோ இறக்கிய ஜார் கோப்பு, அதாவது நூலகத்தின் பொதி, திட்டத்தின் 'லிப்' ஃபோல்டரில் கிடக்கும், பல வேளைகளில் பதிப்பு எண்கூட இல்லாமல். போட்டவர் வேலை மாறிப் போயிருப்பார். 2005-இல் வந்த மேவன் 2 கருவியில் வேண்டிய நூலகத்தின் பெயரையும் பதிப்பையும் எழுதினால் போதும். அதற்குத் தேவையான மற்ற நூலகங்களையும் மேவனே கொண்டுவரும், யார் வழியாக எது வந்தது என்றும் காட்டும். இது வெறும் வசதி அன்று. லாக்4ஜேயால் பாதிக்கப்பட்ட ஜாவா தொகுப்புகள் 35,000-க்கும் மேல் என்று கூகுள் முதலில் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை அதை நேரடியாகச் சேர்த்தவை அல்ல; வேறு நூலகங்கள் வழியாக அது வந்து சேர்ந்திருந்தது.

ஆன்ட்டிலிருந்து மேவனுக்கு மாறலாம் என்றால், ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். அதனால்தான் மாற்றும்போது எந்த நூலகத்தையும் புதுப்பிக்கக் கூடாது. ஒவ்வொரு ஜாருக்கும் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-1 மதிப்பைக் கொண்டு, மேவனின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் தேடி அதே பதிப்பைக் கண்டுபிடித்து, பழைய தொகுப்பையும் புதியதையும் ஒப்பிட வேண்டும். அங்கே கிடைக்காத ஜார்களை நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியத்தில் ஏற்றலாம். புதுப்பித்தல் அதற்குப் பிறகு. இணையத்திலிருந்து தானாக இறக்குவது ஆபத்தில்லையா என்பது அடுத்த கேள்வி. 2016-இல் 'லெஃப்ட்-பேட்' என்ற சிறு ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை எழுதியவர் நீக்கியதும் பலருடைய திட்டங்கள் முடங்கின. ஆனால் மேவன் சென்ட்ரலில் வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது. பதிப்புகளை உறுதியாகக் குறித்து, சொந்தக் களஞ்சியம் வழியாக மட்டும் இறக்கினால் மிச்ச ஆபத்தும் பெருமளவு குறையும்.

மேவன் ஓட்டையை அடைக்காது. ஓட்டை எங்கே என்று காட்டும். அந்த ஒரே மாதத்தில் லாக்4ஜே 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என நான்கு முறை திருத்தப்பட்டது. மேவனில் நூலகப் பட்டியல் வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை மாற்றிச் சோதித்தாலே போதுமாக இருந்தது. இல்லாதவர்கள் நான்கு முறையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது.