குழந்தையின் நீரிழிவும் கைப்பேசியும்

செஞ்சிக்குச் சுற்றுலா வரும் மாணவர்களின் கண்கள் முதலில் இராசகிரியின்மேல்தான் செல்லும். பாறைமேல் பாறை அடுக்கியது போன்ற அக்குன்றின் உச்சி, ஏறத்தாழ 800 அடி உயரத்தில் உள்ளது. படிகள் செங்குத்தானவை, வெயிலோ கடுமையானது. உடல்நலம் உடைய சிறுவன் வியர்க்க வியர்க்க ஏறி, எதிரே நிற்கும் கிருட்டிணகிரியைக் கண்டு மகிழ்ந்து இறங்குவான். அவ்வகுப்பில் முதல் வகை நீரிழிவு உடைய சிறுவன் ஒருவன் இருப்பின், அவனும் ஏறலாமா? ஏறலாம். ஆயின், அவன் உடம்பில் நிகழ்வதை ஒருவர் இடையறாது கவனித்துவர வேண்டும்.

செஞ்சிக்கோட்டையில் பழைய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும், கதவின் சாவி தொலைந்துபோனால் வீரர்கள் பசியால் வாடவேண்டியதுதான். இந்நோயில் நேர்வதும் அதுவே. உண்ட சோறும் இட்டிலியும் செரித்து, குளுக்கோசு என்னும் சருக்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சருக்கரை தசைகளுக்குள் புகுவதற்குச் சாவி போல் உதவுவது, கணையத்தில் சுரக்கும் இன்சுலின். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி, இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. காவற்படையே கலகம் செய்தது போன்ற நிலை இது. மிட்டாய் தின்றதனால் வருவதன்று இந்நோய். பெற்றோரின் கவனக்குறைவால் வருவதும் அன்று. அறியாதார் சிலர் தாய்மாரைக் குறைகூறுவது கொடுமையே.

நூறாண்டுகளுக்கு முன்பு இந்நோய் வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது. 1922-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில், லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. மருந்தை மேலும் தூய்மை செய்து, 12 நாள் கழித்து மீண்டும் செலுத்தினர், சிறுவன் தேறினான். அதன்பின் அவன் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான பாண்டிங் பிறந்த நவம்பர் 14, உலக நீரிழிவு நாளாகும். நம் நாட்டில் அதுவே குழந்தைகள் நாளாகவும் அமைந்தது.

ஊசிவழிச் செல்லும் இன்சுலினுக்கு எப்போது நிற்கவேண்டும் என்பது தெரியாது. அளவு குறைந்தால் சருக்கரை ஏறி, இரத்தத்தில் அமிலம் சேரும். அளவு மிகுந்தாலோ சருக்கரை இறங்கிவிடும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் கை நடுங்கும், வியர்க்கும், சிந்தை தடுமாறும்; இன்னும் இறங்கினால் மயக்கமும் வலிப்பும் வரும். ஆகவே, கணையம் செய்யவேண்டிய வேலையைப் பெற்றோரே செய்கின்றனர். விரலில் குத்தி நாளுக்குப் பலமுறை அளந்தாலும், இரு அளவைகளுக்கு இடையே நடப்பது அவர்களுக்கு இருட்டே.

அவ்விருட்டை அகற்றியது, தோலின்மேல் ஒட்டப்படும் ஓர் உணர்கருவி. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் இருந்து, பல கருவிகளில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது நாளொன்றுக்கு 288 முறை, சருக்கரையை அளக்கிறது. கைப்பேசியிலுள்ள செயலி அவ்வெண்களைக் கோடாக வரைந்து காட்டும். அபாயம் எனில் ஒலியெழுப்பும். 2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தந்தை, தம் நான்கு வயது மகனின் எண்ணைப் பணியிடத்திலிருந்தே காண விரும்பித் தாமே ஒரு நிரல் எழுதினார். பிற பெற்றோரும் சேர்ந்து அதை வளர்த்து, நைட்ஸ்கவுட் என்னும் பெயரில் எவரும் விலையின்றிப் பயன்படுத்தச் செய்தனர். பின்னர்க் கருவி செய்யும் நிறுவனங்களும் அவ்வசதியை அளித்தன.

இனி இராசகிரிக்குத் திரும்பலாம். பாதிவழியில் செயலி 100 என்று காட்டுகிறது. அருகே அம்புக்குறி நேராக இருந்தால் கவலையில்லை. அது கீழ்நோக்கி இருப்பின், ஏறும் தசைகள் சருக்கரையை விரைந்து செலவிடுகின்றன என்பது பொருள். சிறுவன் படியில் அமர்ந்து குளுக்கோசு உண்டு, சுமார் 15 நிமிடம் இளைப்பாற வேண்டும். ஊரிலுள்ள தாயும் தம் கைப்பேசியில் அதே அம்பைக் காண்பார், தொலைபேசி இணைப்புக் கிடைத்தால்! மலையில் அது எப்போதும் கிடைப்பதில்லை. ஆதலின் உடன்செல்லும் ஆசிரியரும் நண்பரும் செய்தி அறிந்திருத்தல் வேண்டும். அவன் மயங்கிவிட்டால் வாயில் எதையும் புகட்டாமல், 108-ஐ அழைக்கவேண்டும்.

கருவி அளப்பது இரத்தத்தையன்று, உயிரணுக்களுக்கு இடையேயுள்ள நீரை. எனவே அதன் எண் சில நிமிடம் பின்தங்கும். எண் சரியாக இருந்தும் கை நடுங்கினால் விரற்குருதியை அளந்து பார்ப்பதே முறை. இவ்வுணர்கருவியை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அச்செலவு எல்லாக் குடும்பத்துக்கும் இயல்வதன்று. அத்தகையோர் விரலில் அளந்த எண்ணையும், உண்ட உணவையும், இட்ட இன்சுலினையும் செயலியில் தாமே பதிந்து மருத்துவரிடம் காட்டுகின்றனர். அதுவும் பெரும்பயன் தருவதே.

மலையிலிருந்து இறங்கியதும் கவனம் முடிந்துவிடாது. செலவழிந்த சருக்கரையைத் தசைகள் இரவில் மீண்டும் சேமிக்கத் தொடங்கும். அப்போது உறக்கத்திலேயே இரத்தச் சருக்கரை இறங்கக்கூடும். அதனால் அன்றிரவு பெற்றோர் செயலியின் எச்சரிக்கை எல்லையைச் சற்று உயர்த்திவைத்து, கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குவர்.