கூரை இல்லாத கோயில்

ஏற்றுமதி வளாகத்துக்குள் சிக்கிக்கொண்ட 1579ஆம் ஆண்டு தேவாலயம்

பாண்டுப்பிலிருந்து லால் பகதூர் சாஸ்திரி மார்கில் தெற்கே வந்து, காந்தி நகர் சந்திப்பில் மேற்கே திரும்பி, ஐஐடியையும் பவாய் ஏரியையும் தாண்டினால் அந்தேரியின் சீப்ஸ் வளாகம் வருகிறது. நகைத் தொழிற்கூடங்கள், மென்பொருள் நிறுவனங்கள், ஷிப்ட் மாறும் நேரத்து நெரிசல். இவற்றுக்கு நடுவே, மரங்களுக்குள் மறைந்து நிற்கிறது ஒரு கல் முகப்பு. புனித அருளப்பர் தேவாலயம். திருமுழுக்கு யோவான் என்றால் இன்றைய வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். கட்டப்பட்ட ஆண்டு 1579.

அந்த ஆண்டு தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. அதை அச்சிட்ட அண்டிரிக் அடிகளாரும், மும்பையில் இந்தக் கோயிலை எழுப்பியவர்களும் ஒரே இயேசு சபையினர். முத்துக்குளித்துறையில் தமிழ் கற்ற அதே சபை, இங்கே மராத்தி பேசிய விவசாயிகளிடையே வேலை செய்துகொண்டிருந்தது.

பாண்டுப், அந்தேரி எல்லாம் அன்று சால்செட் தீவின் கிராமங்கள். 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசாயையும் அதைச் சுற்றியிருந்த தீவுகளையும் போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு கிராமங்களில் தேவாலயங்கள் முளைத்தன. இந்தக் கோயில் கொண்டிவிட்டா கிராமத்துக்கானது. அக்கம்பக்கத்திலேயே பௌத்தத் துறவிகள் பாறையைக் குடைந்து அமைத்த மகாகாளி குகைகள் இருக்கின்றன. கோயில் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண் வழிபாட்டுக்குப் பழகியிருந்தது.

'சால்செட்டின் அப்போஸ்தலர்' என்று பெயரெடுத்த பாதிரியார் மனுவேல் கோமஸ் பணியாற்றிய இடம் இது. கட்டுமானத்தில் கோவாவின் படாடோபம் கிடையாது. சால்செட் கிராமக் கோயில்களின் வழக்கமான வடிவம்தான்: நீண்ட ஒற்றைக் கூடம், அதன் முடிவில் பீடம், உள்ளூர்க் கருங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த தடித்த சுவர்கள், மரச்சட்டத்தின் மேல் ஓடு. மும்பை மழைக்கு இப்படிப்பட்ட கட்டடத்தில் முதலில் பலியாவது கூரை. அது போனதும் சுவர்கள் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கின்றன. கல் இடுக்கில் விழும் விதை, வேராகிச் சுவரையே பிளக்கிறது. தனுஷ்கோடியில் கூரையிழந்து நிற்கும் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் அங்கே அழித்தது 1964 புயல், ஒரே இரவில்.

இங்கே அப்படியில்லை. 1739க்குள் மராத்தியர்கள் போர்த்துகீசியரை விரட்டினார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். இரண்டு ஆட்சி மாற்றங்களையும் கோயில் தாண்டியது. 1840இல் வந்த கொள்ளைநோயைத் தாண்ட முடியவில்லை. கிராமத்தார் வீடுகளை விட்டுவிட்டு மரோலுக்குக் குடிபெயர்ந்தார்கள். வெறுங்கையோடு அல்ல. சொரூபங்கள், தூண்கள், ஞானஸ்நானத் தொட்டி என்று பெயர்க்க முடிந்ததையெல்லாம் எடுத்துச் சென்று மரோலில் புதுக் கோயில் கட்டினார்கள். பழைய இடத்தில் மிஞ்சியது சுவர்.

1973இல் அரசு சீப்ஸை உருவாக்கியபோது அந்தச் சுவரும் வேலிக்குள் போனது. சுங்கக் கட்டுப்பாடு உள்ள வளாகம் என்பதால் நினைத்த நேரத்தில் யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆள் நடமாட்டம் குறைந்ததும் பேய்க் கதைகள் கிளம்பின. பராமரிக்காத கட்டடம் எதற்கும் நம் நாட்டில் ஒரு பேய் இலவசம்.

கதைகளைப் பற்றி ஈஸ்ட் இந்தியர்களுக்குக் கவலையில்லை. வீட்டில் மராத்தி, பெயரில் போர்த்துகீசியம் என்று வாழும் மும்பையின் பூர்வீகக் கத்தோலிக்கர்கள் இவர்கள். பிழைப்புக்காக வந்த கோவா, மங்களூர் கிறிஸ்தவர்களிடமிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்ட, 1887இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவையொட்டி இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். நெல் வயல்கள் தொழிற்பேட்டைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்ட நகரத்தில், முன்னோர் இங்கேதான் இருந்தார்கள் என்பதற்கு அவர்களிடம் எஞ்சியிருக்கும் சாட்சிகள் கொஞ்சம். அதனால்தான் இடிபாட்டைச் சீரமைக்க வேண்டும், வழிபட அனுமதி வேண்டும் என்ற குரல் ஓயவில்லை.

புனிதரின் திருநாள் ஜூன் 24. அப்போது மும்பையில் மழை கொட்டும். கூரையில்லாத கோயிலில் நிற்க முடியாது. இங்கே பூசை நடப்பது மே மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அன்று மட்டும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். திறந்த வானத்தின் கீழ், பீடம் இருந்த இடத்தை நோக்கி நின்று ஜெபிக்கிறார்கள். மறுநாள் வாயிலில் பாஸ் கேட்பார்கள்.